இந்த மரத்தில் பேய் இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டுக்குப் பின்னால், வாய்க்கால் கரையில், ஒரு புளிய மரம் நிற்கிறது. கோடை விடுமுறைக்கு வந்த அக்கா மகள் அதன் நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துவிட்டாள். அடுப்படியில் இருந்தே என் அம்மா சத்தம் போட்டாள்: "ஏட்டி, உச்சி நேரத்தில அங்க படுக்காத. அதுல பேய் இருக்கு."

அவள் எழுந்து வந்து கேட்டாள்: "இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் ஆச்சி?"

"எல்லாரும் சொல்லுதாங்க. எங்க அம்மா சொல்லுவா. பெரியவங்க சொன்னா கேக்கணும்" என்றாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே மரமும் இதே பேயும் மணிமேகலையில் வருகின்றன.

மத நம்பிக்கையைக் கேள்வி கேட்பது என்றவுடன் நம் ஊரில் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் ஓடுவார்கள். கடவுள் உண்டா, இல்லையா? டீக்கடையில் தொடங்கும் இந்தச் சண்டை டீக்கடையிலேயே முடியும், யாரும் எதையும் புதிதாகத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். அதைவிடச் சின்ன, பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. அக்கா மகள் கேட்டது அதுதான்: எப்படித் தெரியும்? தமிழில் இதற்கு ஒரு பெயரே உண்டு. அளவை. வடமொழியில் பிரமாணம் என்பார்கள். நெல்லை அளக்க மரக்கால் இருப்பதுபோல, ஒருவர் சொல்வதை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்று பார்க்கும் கருவி.

மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் இந்தக் கருவிப் பெட்டி முழுவதும் திறந்து கிடக்கிறது. மணிமேகலை வஞ்சி நகருக்கு வந்து, சமயவாதிகளை ஒவ்வொருவராகப் பார்த்து, உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகர், சமணர், கடவுளே வேண்டாம் என்கிற பூதவாதி என்று எண்ணினால் பத்துப் பேர் வருகிறார்கள். முதல் ஆள் அளவைவாதி. ஒரு விஷயத்தை அறிய என்னென்ன வழி இருக்கிறது என்று அவன் பட்டியல் போடுகிறான். அந்தப் பட்டியலில் பத்து வழிகள். பத்தும் நமக்கு வேண்டாம், நாலு போதும்.

கண்ணால் காண்பது காண்டல். கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பது கருதல். ஆற்றில் வெள்ளம் வந்தால் மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்று அறிவதும், காட்டுக்குள் பிளிறல் கேட்டால் அங்கே யானை உண்டு என்று அறிவதும் அவன் சொல்லும் உதாரணங்கள். அறிவுடையவர் எழுதிய நூல் சொல்வதால் மேலுலகம் உண்டு என்று ஏற்பது ஆகமம். அப்புறம் ஐதிகம். ஊரே சொல்கிறது, வழிவழியாக வருகிறது, அதனால் ஏற்பது. இதற்குச் சாத்தனார் கொடுத்திருக்கும் உதாரணம்தான் இந்த மரத்தில் ஒரு பேய் உண்டு என்று தெளிவது.

இந்த நாலையும் கையில் வைத்துக்கொண்டு யாராவது ஏதாவது சொல்லும்போது, இது எந்த வகை என்று கேட்டுப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அம்மாவின் பேய் சுத்தமான ஐதிகம். அவள் பார்த்ததில்லை. அவள் அம்மாவும் பார்த்ததில்லை.

சரி, கண்ணால் பார்த்தால்? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று தில்லியின் ஒரு கோயிலில் விடிவதற்கு முன்பே கிளம்பிய செய்தி, அன்றைக்கே தொலைபேசி வழியாக நாடு முழுக்கப் பரவி, லண்டன் வரை போய்விட்டது. வாட்ஸ்அப் எல்லாம் இல்லாத காலம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலிலும் வரிசை நின்றது. நானும் டம்ளரும் கரண்டியுமாக நின்றேன். கரண்டியைத் தும்பிக்கையில் வைத்தேன். பால் குறைந்தது. கரண்டி காலியானது. யாரும் எனக்குப் பொய் சொல்லவில்லை, என் கண்ணால் நானே பார்த்தேன்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. டம்ளரில் இருந்து டீயை மெதுவாகச் சாய்த்து ஊற்றிப் பாருங்கள். டீ நேராக விழாது. விளிம்பைத் தாண்டி டம்ளரின் வெளிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே வழிந்து சட்டையில் கொட்டும். திரவம் தான் தொட்ட பரப்பைப் பிடித்துக்கொள்ளும் குணம் அது. கரண்டி நிறையப் பாலை எடுத்தால், மேல்பரப்பு இழுவிசையால் பால் விளிம்புக்கு மேலே லேசாகப் புடைத்து நிற்கும். ஈரமான தும்பிக்கையைத் தொட்டதும் அந்தப் புடைப்பு உடைந்து, பால் கல்லைப் பற்றிக்கொண்டு மெல்லிய படலமாகக் கீழே இறங்கும். நம் கண் கரண்டியில்தான் இருக்கும், தும்பிக்கைக்கு அடியில் இருக்காது. வெள்ளைப் பளிங்குச் சிலையில் அந்தப் படலம் கண்ணுக்கே தெரியாது. அரசின் அறிவியல் துறையில் இருந்து வந்தவர்கள் பாலில் நிறம் கலந்து ஊட்டியபோது, சிலை மேல் அது வழிந்த தடம் தெளிவாகத் தெரிந்தது. வீட்டில் ஒரு பித்தளைப் பிள்ளையாரும் ஒரு கரண்டியும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். பிள்ளையார் இல்லாவிட்டால் அம்மிக் குழவி போதும், அதுவும் குடிக்கும்.

ஆனால் எனக்கு இன்றுவரை உறுத்துவது ஒன்று உண்டு. மறுநாள் காலை பள்ளிக்குப் போகும்போது அந்தக் கோயில் வாசலில் புளித்த பால் வாடை மூக்கைத் துளைத்தது. சாக்கடையில் தண்ணீர் வெள்ளையாக ஓடியது. முந்தின நாள் கரண்டியைப் பார்த்த எல்லோரும் மறுநாள் சாக்கடையையும் பார்த்தோம். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. காண்டல் எங்களிடம் இருந்தது, கருதல்தான் இல்லை.

இதே தடுமாற்றத்துக்கு இன்னொரு நல்ல உதாரணம் அமுக்குவான் பேய். கல்லூரி விடுதியில் எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. விழித்துவிட்டேன், அறை தெரிகிறது, மின்விசிறி சுற்றுவது தெரிகிறது. கையைக் காலை அசைக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். கத்துகிறேன், சத்தம் வரவில்லை. இதை அனுபவித்த ஒருவரிடம் போய், "அதெல்லாம் பிரமை" என்று சொன்னால் அவர் உங்களை மதிக்க மாட்டார். மதிக்கவும் வேண்டாம். நடந்தது நடந்ததுதான்.

கனவு காணும் தூக்கத்தில், நாம் கனவில் ஓடினால் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாமல் இருக்க, மூளை தசைகளைத் தளர்த்தி வைத்திருக்கும். சில நேரம் நினைவு முதலில் வந்துவிடும், தசைகளின் பூட்டு திறக்கக் கொஞ்சம் தாமதமாகும். அந்த இடைவெளியில் கனவின் மிச்சமும் அறையின் காட்சியும் கலந்துவிடும். மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம் வரும். ஜப்பானில் இதற்குக் கனாஷிபாரி என்று பெயர். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் ஒரு கிழவி வந்து நெஞ்சில் உட்காருவாள் என்பார்கள். உடம்பில் நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான், பேய் மட்டும் அந்தந்த ஊர்ப் பேய். "எனக்கு நடந்தது" என்பது காண்டல். "பேய் அமுக்கியது" என்பது அதற்கு நாம் கொடுத்த விளக்கம். சாமி கனவில் வந்தது, வேண்டிக்கொண்டதும் காய்ச்சல் இறங்கியது, பெயர் மாற்றியதும் வேலை கிடைத்தது, எல்லாவற்றிலும் இந்த இரண்டையும் பிரித்து வைத்துப் பார்க்கலாம். முதல் பாதியைக் கேலி செய்யாமலே இரண்டாம் பாதியைக் கேள்வி கேட்க முடியும்.

இங்கே ஒரு சின்ன எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். புளிய மரத்துப் பேயைப் பற்றிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் உடனே ஒரு பதில் வரும். "முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. மரம் இரவில் கரியமில வாயுவை வெளியிடும், அதனால்தான் பேய் என்று சொல்லி வைத்தார்கள்." கேட்க அறிவியல் மாதிரியே இருக்கும். திறந்த வெளியில் காற்றோடு கலந்துபோகிற அந்த வாயு ஆளை ஒன்றும் செய்யாது. கதவைச் சாத்திய அறையில் நாலு பேர் படுத்தால் மரத்தடியில் இருப்பதைவிடக் கரியமில வாயு கூடுதலாகவே இருக்கும். அதைவிட, என் அம்மா தடை போட்டது உச்சி வெயிலில். அப்போது இலைகள் ஆக்சிஜனைத்தான் வெளியிட்டுக்கொண்டிருக்கும். வெள்ளைக் கோட்டு போட்டாலும் ஐதிகம் ஐதிகம்தான். நம்பிக்கையை நேரடியாகச் சொல்பவரிடம் எனக்கு மரியாதை உண்டு. அதற்கு நாசா சான்றிதழ் வாங்கித் தருபவரிடம் கொஞ்சம் குறைவு.

வேப்ப மரத்தில் பால் வடிகிறது என்று அவ்வப்போது செய்தி வருமே, அதுவும் இந்தக் கூட்டம்தான். மரத்துக்குள் நுண்ணுயிர்த் தொற்று ஏறிச் சாறு நொதித்து, அழுத்தம் தாங்காமல் பட்டையைப் பிளந்துகொண்டு நுரையாக வழியும். அதற்குள் மஞ்சள் துணி கட்டி, உண்டியல் வைத்து, கற்பூரம் ஏற்றியிருப்பார்கள்.

இனி ஆகமம், அதாவது நூலின் பேரால், பெரியவர் பேரால் ஏற்பது. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நாம் அறிந்ததில் முக்கால்வாசி இப்படி வந்ததுதான். பூமி உருண்டை என்று நான் அளந்து பார்த்ததில்லை, மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று சோதித்ததும் இல்லை. பிறகு மருந்துச் சீட்டுக்கும் மறைநூலுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தச் சொல்லை வேறொருவர் சரிபார்க்க வழி இருக்கிறதா? தப்பென்று தெரிந்தால் சொன்னவர்கள் திருத்திக்கொள்வார்களா? 2006-ல் புளூட்டோவைக் கோள்களின் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். பாடப் புத்தகத்தில் ஒன்பது எட்டாக மாறியது. சிலர் வருத்தப்பட்டார்கள், அதற்காகத் திருத்தம் நிற்கவில்லை.

இன்னொரு சிக்கல், நூல் ஒன்றாக இல்லை. வஞ்சியில் பத்துப் பேர், பத்துக் கொள்கை. எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் அரை மணி நேரம் நடந்தால் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றையும் தாண்டிவிடலாம். மூன்றிலும் மனதாரக் கும்பிடுகிற, தொழுகிற நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், மூன்றிலும் நேர்ந்துகொண்டு குணமானவர்கள் இருக்கிறார்கள். நான் நாலு வீடு தள்ளிப் பிறந்திருந்தால் இதே உறுதியோடு எதைச் சத்தியம் என்று சொல்லியிருப்பேன்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒருவர் தன் மதத்திலேயே தொடரலாம். கேட்காமல் தொடர்வதற்கும் கேட்டுவிட்டுத் தொடர்வதற்கும் வேறுபாடு உண்டு.

சோதித்துப் பார்ப்பது என்றால் எப்படி என்பதற்கு ஆபிரகாம் கோவூரைச் சொல்லலாம். 1898-ல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்தவர், தாவரவியல் ஆசிரியர். 1928-ல் இலங்கைக்குப் போய் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பாடம் நடத்தினார். இளமையில் கல்கத்தாவில் படித்தவர். ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் தெரிந்தவர்கள் கங்கைத் தண்ணீர் கேட்பார்களாம். ஒரு முறை வழியில் பிடித்த சாதாரணத் தண்ணீரைக் கங்கை என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். குடித்தவர்களுக்குப் பழையபடியே நோய் குணமாகியிருக்கிறது. ஏமாற்றியது தப்புதான், நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மருந்து ஆராய்ச்சியில் ஒரு கூட்டத்துக்கு உண்மையான மாத்திரையும் இன்னொரு கூட்டத்துக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுவதன் தத்துவம் முழுவதும் அந்தப் பாட்டிலுக்குள் இருக்கிறது.

1963-ல் அவர் ஒரு சவால் விட்டார். ஏமாற்று வேலைக்கு இடம் தராத நிபந்தனைகளில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படிப்பது போன்ற எளிய காரியங்கள்தான். 1978-ல் அவர் இறக்கும்வரை யாரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை. அவருக்குப் பிறகு கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் அந்தச் சவாலைத் தொடர்ந்தார். ஊர் ஊராகப் போய், சாமியார்கள் காற்றில் விபூதி வரவழைக்கும் வித்தையை மாணவர்களுக்கே கற்றுக்கொடுத்தார். கஞ்சியில் பிசைந்து காயவைத்த சாம்பல் உருண்டையைக் கட்டை விரல் இடுக்கில் வைத்துக்கொண்டு, நேரம் வரும்போது நசுக்கினால் முடிந்தது. இந்தச் சவாலில் பணம் பெரிதில்லை. எது நடந்தால் என் கூற்று சரி, எது நடந்தால் தப்பு என்று முன்கூட்டியே பேசி வைப்பதுதான் முக்கியம். ஜோசியம் பலித்தால் ஜோசியரின் திறமை, பலிக்காவிட்டால் நம் பிறந்த நேரம் தப்பு என்ற ஆட்டம் அப்போது செல்லாது.

"யார்யார்வாய்க் கேட்பினும்" என்ற குறள் மேடையில் தேய்ந்துபோன குறள்தான். ஆனாலும் அந்த "யார்யார்" என்ற இரட்டிப்பை நான் கவனிக்கச் சொல்வேன். சாமியார் வாயும் அதில் அடங்கும், பகுத்தறிவுப் பேச்சாளர் வாயும் அடங்கும், இந்தக் கட்டுரையும் அடங்கும். மணிமேகலையில் இது அழகாக வருகிறது. கடைசியாக வரும் பூதவாதி, பூவும் வெல்லமும் போட்டு ஊறவைத்தால் கள்ளில் போதை உண்டாவதுபோலப் பூதங்கள் சேர்ந்தால் உடம்பில் உணர்வு தோன்றும் என்கிறான். கண்ணால் காண்பது தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்கிறான். முற்பிறவியை அறிந்தவர்கள் உண்டு என்று மணிமேகலை சிரிக்கிறாள். தெய்வ மயக்கமாக இருக்கும், கனவாக இருக்கும் என்கிறான் அவன். அவள் திருப்பிக் கேட்கிறாள்: உன் அப்பா அம்மாவை ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? யாரும் தன் பிறப்பைத் தானே பார்த்ததில்லையே. கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்று வீறாப்புப் பேசும் நண்பர்களுக்கு இதைவிடச் சின்ன மருந்து கிடையாது.

கேள்வி கேட்பதில் யாருக்கு உரிமை என்பதும் அந்தக் காப்பியத்தில் இருக்கிறது. மணிமேகலை வஞ்சியில் இந்தக் கேள்விகளைக் கேட்டது தன் சொந்த உருவத்தில் இல்லை, ஒரு முனிவர் வேடத்தில். இவள் இளையவள், வளையல் போட்டவள் என்று உனக்கு யாரும் உண்மைப் பொருளைச் சொல்ல மாட்டார்கள், வேற்று உருக் கொள் என்று அவளுக்குச் சொல்வது யார் தெரியுமா? தெய்வமாகிவிட்ட கண்ணகி. பாண்டியன் அவையில் நேருக்கு நேர் நின்று நீதி கேட்டவளே, சமயவாதிகளிடம் போகும்போது மகளை மாறுவேடத்தில் போகச் சொல்கிறாள். "சின்னப் பிள்ளை, பெரியவங்க விஷயத்துல தலையிடாத" என்பது நேற்று வந்த வசனம் இல்லை.

கேள்வி கேட்டவர்கள் உயிர் தப்ப முடியாத காலமும் வந்தது. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புக்காக இயக்கம் நடத்திய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தனைக்கும் நம் அரசியலமைப்பின் 51ஏ பிரிவு, 1976-ல் சேர்க்கப்பட்ட கடமைகளில் ஒன்றாக, அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் வளர்க்கச் சொல்கிறது. 25-வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. கும்பிடுகிற உரிமையும் கும்பிடாத உரிமையும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன.

எல்லாவற்றையும் இந்த மரக்காலால் அளக்க முடியுமா என்றால், முடியாது. அம்மா சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுக் கண்ணை மூடி நிற்கும் இரண்டு நிமிடத்தில், உலகத்தைப் பற்றி அவள் எந்தக் கூற்றும் சொல்லவில்லை. அங்கே போய் ஆதாரம் கேட்பது அசட்டுத்தனம். சாவு வீட்டில் "சாமிகிட்ட போயிட்டாரு" என்று அழுபவரிடம் கேட்பது அதைவிட மோசம். ஆனால் இந்தத் தாயத்தைக் கட்டினால் சர்க்கரை நோய் தீரும், இந்தப் பெண் உள்ளே வந்தால் தீட்டு, இந்த ஜாதகத்தைக் கட்டினால் மாமனார் உயிருக்கு ஆபத்து என்று நம்பிக்கை அடுத்தவர் உடம்பிலும் வாழ்க்கையிலும் கை வைக்கும்போது, எப்படித் தெரியும் என்று கேட்க எல்லோருக்கும் பாத்தியம் உண்டு. எங்கே கோடு போடுவது என்பதில் எனக்கும் என் அக்காவுக்கும் இன்னும் சண்டைதான்.

அன்று சாயங்காலம் வரை அக்கா மகளிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "மாமா, பூதவாதி கேட்டது சரிதானே? தனக்கு முற்பிறவி தெரியும்னு மணிமேகலை சொல்றா. அது கனவு இல்லைன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

நான் புத்தகத்தை எடுத்து மறுபடியும் இருபத்தேழாம் காதையைப் புரட்டத் தொடங்கினேன். அவள் கட்டிலை இழுத்துக்கொண்டு புளிய மரத்தடிக்குப் போனாள். அம்மா வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எறும்பு கடிக்கும், பாத்துப் படுட்டி" என்றாள்.